லினக்ஸ் கர்னலில் செமஃபோர் நிரலைத் தொடும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்னல் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் கொடுப்பது பெரும்பாலும் பழைய டிரைவர்களைத்தான். அவற்றில் எங்காவது ஒரு செமஃபோர் இருக்கும். ஒரு வாரத்துக்குள் சந்தேகங்களோடு வந்து நிற்பார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை என்பதால், அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஃபங்ஷன் பெயர்களுக்குப் பின்னால் () போட்டிருக்கிறேன்.

செமஃபோர்னா என்னங்க? காலேஜ்ல படிச்சது மறந்துபோச்சு.

மதிய நேரத்தில் கூட்டமான ஒரு மெஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே 12 நாற்காலிகள். 12 பேர் உட்காரலாம். 13ஆவது ஆள் வாசலில் நிற்க வேண்டும். ஒருவர் சாப்பிட்டு எழுந்தால் வரிசையில் முதலில் நிற்பவர் உள்ளே போவார். காலியாக உள்ள நாற்காலிகளின் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு இந்த ஒழுங்கைக் காப்பதுதான் செமஃபோர். 1960களில் நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா இதை வகுத்தார். அவர் பி, வி என்று அழைத்த செயல்கள் லினக்ஸில் டவுன்(), அப்() ஆகின்றன.

லினக்ஸில் இதன் உள்ளே அடிப்படையில் மூன்று உறுப்புகளே உண்டு: எண்ணிக்கை, காத்திருப்போர் பட்டியல், இரண்டையும் காக்க ஒரு ஸ்பின்லாக் (தூங்காமல், கிடைக்கும் வரை சுழன்று காத்திருக்கும் பூட்டு). எண்ணிக்கை பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் டவுன்() ஒன்றைக் குறைத்துவிட்டு உடனே திரும்பும். பூஜ்யமென்றால் அழைத்த டாஸ்க் (கர்னல் ஓட்டும் ஒரு வேலை) பட்டியலின் கடைசியில் சேர்ந்து தூங்கும்.

எண்ணிக்கை 1 வச்ச செமஃபோரும் மியூடெக்ஸும் ஒண்ணுதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்கப்போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். மியூடெக்ஸ் என்பது ஒரே நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு. அதற்கு உரிமையாளர் உண்டு. எந்த டாஸ்க் பூட்டியதோ அந்த டாஸ்க்தான் திறக்க வேண்டும். யார் பூட்டினார் என்று மியூடெக்ஸே தனக்குள் குறித்து வைத்திருக்கும். செமஃபோருக்கு அப்படி யாரும் இல்லை. ஒருவர் டவுன்() செய்து, அதைக் கேள்விப்படாத இன்னொருவர் அப்() செய்யலாம். வன்பொருள் குறுக்கிடும்போது ஓடும் இன்டரப்ட் ஹேண்ட்லரிலிருந்துகூட அப்() அழைக்கலாம். மியூடெக்ஸை அங்கே தொடவே கூடாது.

உரிமையாளர் தெரிவதால் மியூடெக்ஸுக்குச் சில வசதிகள் கிடைக்கின்றன. பூட்டியவர் இன்னொரு சிபியூவில் ஓடிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால், தூங்காமல் சற்று நேரம் சுழன்று பார்க்கலாம். தவறான ஆள் திறந்தால் கண்டுபிடிக்கலாம். செமஃபோர் இவற்றில் எதையும் செய்ய முடியாது. எனவே பழைய செமஃபோரைப் பார்த்ததும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எடுத்தவரே விடுகிறாரா?

அப்படின்னா பழைய நிரல்ல பூட்டுக்கெல்லாம் ஏன் செமஃபோர் போட்டாங்க?

வேறு வழி இருக்கவில்லை. தூங்கக்கூடிய பொதுவான பூட்டு என்று கர்னலில் அன்று இருந்தது செமஃபோர்தான். 2006இல் 2.6.16 பதிப்பில்தான் இங்கோ மோல்னார் எழுதிய மியூடெக்ஸ் வந்தது. அதற்கு முன் எழுதியவர்கள் எண்ணிக்கையை 1 என்று வைத்து, செமஃபோரையே பூட்டாகப் பயன்படுத்தினார்கள்.

பெயர்களும் குழப்பின. டிக்ளேர்_மியூடெக்ஸ் என்ற மேக்ரோ உண்மையில் எண்ணிக்கை 1 உள்ள செமஃபோரை உருவாக்கியது. 2010 வாக்கில் அந்தப் பெயர் போய் டிஃபைன்_செமஃபோர் வந்தது. அதுவும் எண்ணிக்கையைச் சொல்லாமல் 1 என்றே எடுத்துக்கொண்டது. 2023இல் 6.4 பதிப்பிலிருந்து எண்ணிக்கையை நாமே எழுதியாக வேண்டும். 6.4க்கு முந்தைய நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு ஒரு பேட்சைக் கொண்டுபோகும்போது கம்பைல் ஆகவில்லை என்றால் முதலில் இந்த வரியைப் பாருங்கள்.

பழைய புத்தகத்துல செமஃபோர் அசெம்பிளியில இருக்கே, இப்போ ஏன் இல்லை?

2008 வரை ஒவ்வொரு சிபியூ வகைக்கும் தனித்தனிச் செமஃபோர் நிரல் இருந்தது. வேகமான பாதை அசெம்பிளியில். எண்ணிக்கை பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். தூங்குபவர்களைக் கணக்கிட இன்னொரு மாறி. அதைப் படித்துச் சரி என்று உறுதி சொல்வது எளிதாக இருக்கவில்லை. மேத்யூ வில்காக்ஸ் அத்தனையையும் நீக்கிவிட்டு, எல்லாச் சிபியூவுக்கும் பொதுவாகச் சி மொழியில் ஒரே நிரலை எழுதினார். 2.6.26இல் அது சேர்ந்தது. பூட்டுகளில் பெரும்பாலானவை மியூடெக்ஸுக்குப் போய்விட்டதால், செமஃபோரின் வேகத்துக்காக இவ்வளவு சிக்கலைச் சுமக்கத் தேவையில்லை என்பதே நியாயம்.

அந்தக் கோப்பை உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள். ஒரு மாலை நேரத்தில் முடித்துவிடலாம். கர்னலில் இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட கோப்புகள் அதிகம் இல்லை.

நிரல் சுத்தமானா போதும்தானே? வேகம் ஏன் அடிவாங்கப் போகுது?

அந்த 2.6.26லேயே அடிவாங்கியது. முதல் சோதனைப் பதிப்பு வந்ததும், ஏஐஎம்7 என்ற அளவுகோலில் 40% வரை வேகம் குறைந்ததாக இன்டெலிலிருந்து அறிக்கை வந்தது. புதிய செமஃபோரில் தவறு எதுவும் இல்லை. அது நியாயமாக நடந்துகொண்டதுதான் காரணம்.

மெஸ்ஸுக்கே திரும்புவோம். புதிய நிரலில் ஒருவர் எழுந்ததும் அந்த நாற்காலி வரிசையின் முதல் ஆளுக்கு நேரடியாக ஒதுக்கப்படும். எண்ணிக்கையைக் கூட்டுவதே இல்லை. முதல் ஆளோ தூங்கிக்கொண்டிருக்கிறார். அவர் விழித்து வந்து உட்காரும் வரை நாற்காலி காலியாகவே கிடக்கும். எழுந்தவருக்கு உடனே மறுபடி உட்கார வேண்டுமென்றாலும் வரிசையின் கடைசிக்குத்தான் போக வேண்டும். பழைய அசெம்பிளி நிரலில், ஓடிக்கொண்டிருப்பவர் சட்டென்று மீண்டும் எடுத்துக்கொள்ள முடிந்தது. அடிக்கடி எடுத்து அடிக்கடி விடும் பூட்டில் இந்த வித்தியாசம் பெரிது. ஒவ்வொரு முறையும் டாஸ்க் மாற வேண்டியிருக்கும்.

அப்படி அடிக்கடி எடுக்கப்பட்ட பூட்டு எது? பிக் கர்னல் லாக், அதாவது கர்னலின் பல பகுதிகளுக்கும் பொதுவான ஒரே பெரிய பூட்டு. அன்று அது செமஃபோர் மேல்தான் நின்றது. லினஸ் டோர்வால்ட்ஸ் செமஃபோரைக் கெடுக்காமல், பிக் கர்னல் லாக்கை மீண்டும் ஸ்பின்லாக்காக மாற்றி வேகத்தை மீட்டார். அந்தப் பூட்டே பிறகு 2011இல் 2.6.39 பதிப்பில் முழுதாக நீங்கியது. இந்த நிகழ்வை நான் புதியவர்களிடம் விரிவாகச் சொல்வதுண்டு. ஒரு பூட்டின் உள்ளமைப்பை மாற்றினால் அதன் சொற்பொருள் மாறாமல் இருந்தாலும் யார் எப்போது ஓடுகிறார் என்பது மாறிவிடும். எனவே முன்னும் பின்னும் அளந்து பார்க்காமல் பேட்சை அனுப்ப வேண்டாம்.

செமஃபோரைக் கண்டா மியூடெக்ஸா மாத்திடலாமா? அண்ணா, ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டா முடிஞ்சிடுமே.

முடியாது தம்பி. பெயர்களை மாற்ற ஸ்கிரிப்ட் போதும். சி நிரலில் ஒரே மாதிரி மாற்றங்களைத் தானாகச் செய்யும் காக்கினெல் போன்ற கருவி அதை நன்றாகவே செய்யும். மாற்றலாமா கூடாதா என்ற முடிவை எடுக்க மனிதர்தான் வேண்டும்.

நான் செய்வது இது. முதலில் செமஃபோரைத் தொடங்கிவைக்கும் செமா_இனிட்() எங்கே, தொடக்க எண்ணிக்கை எவ்வளவு என்று பார்ப்பேன். 1 தவிர வேறு எண் என்றால் மியூடெக்ஸ் பேச்சே இல்லை. 1 என்றால் எல்லா டவுன்() வகைகளையும் எல்லா அப்()களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் எந்த டாஸ்க்கில், எந்தச் சூழலில் ஓடுகிறது என்று பக்கத்தில் குறிப்பேன். ஒரே ஒரு அப்() டைமரிலோ இன்டரப்டிலோ வேறு ஒர்க்கியூவிலோ (வேலையைப் பிறகு வேறு டாஸ்க்கில் ஓட்டும் வரிசை) இருந்தாலும் அங்கேயே நிறுத்த வேண்டியதுதான். அடுத்து பார்ப்பது, பூட்டைப் பிடித்துக்கொண்டே யூசர் ஸ்பேஸுக்கு (கர்னலுக்கு வெளியே பயனர் நிரல்கள் ஓடும் இடம்) திரும்பும் பாதை ஏதும் இருக்கிறதா என்பது. பழைய டிரைவர்களில் ஓப்பன் அழைப்பில் டவுன்() செய்து, குளோஸ் அழைப்பில் அப்() செய்வார்கள். திறந்த பிராசஸ் ஒன்று, மூடுகிற பிராசஸ் இன்னொன்றாக இருக்கலாம். ஃபோர்க் நடந்து பிராசஸ் இரண்டானாலே போதும். இது மேலோட்டமாகப் பார்த்தால் எடுத்தவரே விடுவது போலத் தெரியும், அதனால்தான் இதில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

டவுன்_ட்ரைலாக்()கை மியூடெக்ஸ்_ட்ரைலாக்()னு மாத்தினேன், டிரைவர் எல்லாமே தலைகீழா நடக்குது. ஏன்?

திருப்பித் தரும் மதிப்பு தலைகீழ் என்பதால்தான். டவுன்_ட்ரைலாக்() கிடைத்தால் 0 தரும், கிடைக்காவிட்டால் 1. மியூடெக்ஸ்_ட்ரைலாக்()கும் ஸ்பின்_ட்ரைலாக்()கும் கிடைத்தால் 1 தரும். நிபந்தனையையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். கம்பைலர் இதைச் சொல்லாது. பேட்சில் இந்த இடங்களை மட்டும் தனியாக ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

டவுன்() மேல 'இதைப் பயன்படுத்தாதீங்க'ன்னு கமென்ட் இருக்கு. எல்லாத்தையும் டவுன்_இன்டரப்டிபிள்()னு மாத்தட்டுமா?

அந்தக் கமென்ட் உண்மைதான். டவுன்() செய்து தூங்கும் டாஸ்க்கை கில் சிக்னலால்கூட எழுப்ப முடியாது. அதனால் டவுன்_இன்டரப்டிபிள்() அல்லது டவுன்_கில்லபிள்() பயன்படுத்தச் சொல்கிறது. ஆனால் இவை இரண்டும் தோற்கலாம். சிக்னல் வந்தால் பூட்டு கிடைக்காமலேயே பிழை எண்ணோடு திரும்பும். டவுன்()னுக்குத் தோல்வி என்பதே இல்லை என்று நம்பி எழுதிய ஃபங்ஷனில் பிழைப் பாதையே இருக்காது. அதை முதலில் கட்ட வேண்டும். சாதனத்தை மூடும் பாதையிலும் டிரைவரை நீக்கும் பாதையிலும் பின்வாங்க இடமே இருக்காது. அங்கே டவுன்() அப்படியே இருக்கட்டும். பின்வாங்க முடிகிற இடங்களில் பெரும்பாலும் கில்லபிள் வகைதான் எனக்குப் பிடித்தது. டாஸ்க் எப்படியும் சாகப்போகிறது என்றால் மட்டுமே அது தோற்கும். பாதியில் நின்ற அழைப்பைப் பயனர் நிரல் பார்க்க வேண்டியிருக்காது.

எண்ணிக்கை 1ன்னு ஆரம்பிச்சது 2 ஆக முடியுமா?

தாராளமாக. கூடுதலாக ஒரு அப்() அழைத்தால் போதும். செமஃபோர் வாய் திறக்காது. அதன் கணக்கில் அது பிழையே இல்லை.

ஒரு டிரைவரில் நான் பல வாரம் அலைந்தது இதனால்தான். மாதத்துக்கு ஒருமுறை ஏதோ ஒரு கணினியில் தரவு சிதையும். வேறு தடயம் இல்லை. கடைசியில் பார்த்தால், டவுன்_இன்டரப்டிபிள்() தந்த மதிப்பை ஒரு மாறியில் வாங்கி, பிறகு பார்க்காமலே விட்டிருந்தார்கள். சிக்னல் வந்த நேரத்தில் பூட்டு கிடைக்காமலேயே உள்ளே போய், வெளியே வரும்போது அப்() அழைத்திருக்கிறது. அந்தக் கணத்திலிருந்து எண்ணிக்கை 2. அதன்பின் இரண்டு டாஸ்க் ஒரே நேரத்தில் உள்ளே. தந்த மதிப்பை அப்படியே புறக்கணித்திருந்தால் கம்பைலர் எச்சரித்திருக்கும். மாறியில் வாங்கியதால் எச்சரிக்கையும் வரவில்லை. மியூடெக்ஸுக்கு மாற்றி, மியூடெக்ஸ் பிழைகாண் விருப்பத்தை இயக்கிச் சோதித்த முதல் நாளே 'பூட்டாதவர் திறக்கிறார்' என்று கர்னல் சொல்லிவிட்டது.

எண்ணிக்கை 0ல ஆரம்பிக்கிற செமஃபோர் எதுக்கு? பூட்டே திறக்காதே?

அது பூட்டு இல்லை, சேதி. ஒருவர் டவுன்() செய்து காத்திருப்பார். வேலை முடிந்ததும் இன்னொருவர் அப்() செய்து எழுப்புவார். இப்படி 'வேலை முடிந்தது' என்று சொல்வதற்காகவே கர்னலில் கம்ப்ளீஷன் இருக்கிறது, அதற்கு மாற்றுங்கள். பேட்சைச் சரிபார்க்கும் செக்பேட்ச் கருவியும் பூஜ்யத்தில் தொடங்கும் செமா_இனிட்()டைக் கண்டால் இதையே சொல்லும்.

கம்ப்ளீஷன் 2001இல் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. காத்திருப்பவர் செமஃபோரைத் தன் ஸ்டாக்கிலேயே வைத்திருப்பார். எழுந்ததும் ஃபங்ஷன் முடிந்து ஸ்டாக் போய்விடும். ஆனால் அன்றைய செமஃபோரில், எழுப்பியவர் இன்னொரு சிபியூவில் அப்()புக்குள்ளேயே இருந்து அந்த நினைவகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். இன்றைய பொதுச் செமஃபோரில் அந்த ஓட்டை இல்லை. இருந்தாலும் கம்ப்ளீஷன் என்று எழுதியிருந்தால் அடுத்து படிப்பவருக்கு நோக்கம் பெயரிலேயே தெரிந்துவிடும்.

கன்சோல்_செம் இன்னும் செமஃபோராவே இருக்கே, அதை யாரும் கவனிக்கலையா?

நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். கன்சோலைக் காக்கும் செமஃபோர் அது. கர்னல் செய்திகளை அச்சிடும் பிரிண்ட்கே() எங்கிருந்தும் அழைக்கப்படும், இன்டரப்டிலிருந்தும். அங்கிருந்து கன்சோலைப் பிடிக்க டவுன்_ட்ரைலாக்() முயல வேண்டும். மியூடெக்ஸை இன்டரப்டில் முயல்வதற்குக்கூட அனுமதி இல்லை. அங்கே உரிமையாளர் என்று யாரைக் குறிப்பது? அதோடு, அச்சிட்டுக்கொண்டிருப்பவர் பாதியில் அந்தப் பொறுப்பைக் காத்திருக்கும் இன்னொரு சிபியூவிடம் கைமாற்றும் ஏற்பாடும் இருக்கிறது. எடுத்தவர் ஒருவர், விடுபவர் இன்னொருவர். 'எடுத்தவரே விடுகிறாரா?' என்று மேலே சொன்ன கேள்விக்கு நேரான 'இல்லை'.

இந்தச் செமஃபோரால்தான் 2025இல் 6.15 பதிப்பில் ஒரு சின்ன, அழகான திருத்தம் வந்தது. அதுவரை அப்() தன் உள் ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டே தூங்குபவரை எழுப்பியது. எழுப்பும்போது, எந்த டாஸ்க் எப்போது ஓடும் என்று முடிவுசெய்யும் ஷெட்யூலரின் பூட்டுகள் தேவைப்படும். ஷெட்யூலர் தன் பூட்டைப் பிடித்த நிலையில் ஏதாவது எச்சரிக்கை அச்சிட்டால் பிரிண்ட்கே() வழியாக அதே செமஃபோரின் ஸ்பின்லாக்குக்கு வரும். வட்டம் முழுமை, ஒருவருக்காக ஒருவர் காத்து யாரும் நகராத டெட்லாக்குக்கு வழி. திருத்தம் என்னவென்றால், யாரை எழுப்ப வேண்டும் என்பதை மட்டும் பூட்டுக்குள் ஒரு பட்டியலில் குறித்துக்கொண்டு, பூட்டை விட்ட பிறகு எழுப்புவது. சில வரிகள்தான். செமஃபோர் நிரலில் கை வைக்க விரும்புகிறவர்கள் அந்தப் பேட்சைத் தேடிப் படிக்க வேண்டும்.

வேற எங்கெல்லாம் செமஃபோர் நியாயமா இருக்கு?

எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையின் பஃபர் பூட்டு நல்ல உதாரணம். பஃபரைப் பூட்டி வட்டுக்கு எழுத அனுப்புவது ஒரு டாஸ்க். எழுதி முடிந்ததும் திறப்பது ஐ/ஓ முடிவைக் கையாளும் வேறு சூழல். அதேபோல் ஒரே நேரத்தில் இத்தனை கட்டளைகளுக்கு மேல் வன்பொருளுக்கு அனுப்பக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தால், எண்ணிக்கையுள்ள செமஃபோரே சரி. இவற்றை 'நவீனப்படுத்த' வேண்டாம்.

பேரு ரீடர்-ரைட்டர் செமஃபோர்னு இருக்கே, அதுவும் இதேதானா?

பெயர்தான் ஒன்று. அது தனி நிரல், தனி விதிகள். பூட்டுகளின் வரிசையைச் சரிபார்க்கும் லாக்டெப் கருவி அதைக் கண்காணிக்கிறது. ஒரு பிராசஸின் நினைவக வரைபடத்தைக் காக்கும் எம்மேப்_லாக் அந்த வகை. யூசர் ஸ்பேஸுக்கான சிஸ்டம் ஃபைவ் செமஃபோரும் வேறு. இங்கே சொன்ன எதையும் அவற்றுக்குப் பொருத்த வேண்டாம்.

மியூடெக்ஸா மாத்தின உடனே லாக்டெப் கத்துது. முன்னாடி நல்லாத்தானே ஓடிச்சு, பேட்சைத் திரும்ப எடுத்துடலாமா?

எடுக்காதீர்கள். லாக்டெப் என்பது பூட்டுகள் எந்த வரிசையில் எடுக்கப்படுகின்றன என்று கவனித்து, டெட்லாக் வர வாய்ப்பிருந்தாலே எச்சரிக்கும் கருவி. செமஃபோரை அது பார்ப்பதில்லை. உரிமையாளர் இல்லாததைப் 'பிடித்திருக்கிறார்' என்று சொல்ல முடியாதே. அதனால் வரிசைப் பிழை ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கலாம். உங்கள் பேட்ச் அதை வெளியே கொண்டுவந்திருக்கிறது. முதலில் வரிசையைச் சரிசெய்யும் பேட்ச், அடுத்ததாக மாற்றும் பேட்ச் என்று அனுப்புங்கள். அப்படிப் பிரித்தால் பின்னால் யாராவது பைசெக்ட் செய்தாலும் (பிழை எந்தப் பேட்சில் வந்தது என்று பாதி பாதியாகத் தேடினாலும்) குழம்பாது.

செமஃபோராகவே இருக்க வேண்டியவற்றுக்கு ஹங்-டாஸ்க் கண்காணிப்பு துணை. ஒரு டாஸ்க் எழுப்ப முடியாத தூக்கத்தில் 120 விநாடிக்கு மேல் கிடந்தால் அது பதிவில் சொல்லும். 120 என்பது இயல்பு அளவு. 2025 முதல், அதற்கான விருப்பத்தை இயக்கியிருந்தால், செமஃபோரைக் கடைசியாக எடுத்தவர் யார் என்பதையும் காட்டும். கடைசியாக எடுத்தவர்தான் குற்றவாளி என்று சொல்ல முடியாது, எண்ணிக்கை 1க்கு மேலிருந்தால் இன்னும் பலர் உள்ளே இருப்பார்கள். ஆனாலும் தேடலை எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிடும்.

ரியல்-டைம் கர்னல்ல ஓட்டப்போறோம். செமஃபோர் இருந்தா என்ன ஆகும்?

முன்னுரிமை தலைகீழாகும் ஆபத்து. குறைந்த முன்னுரிமை டாஸ்க் பூட்டைப் பிடித்திருக்கிறது; உயர்ந்த டாஸ்க் அதற்காகக் காத்திருக்கிறது; நடுவில் உள்ள ஒன்று வந்து குறைந்ததை ஓடவிடாமல் சிபியூவை எடுத்துக்கொள்கிறது. 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் இதனால்தான் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது. அதன் விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்குதளத்தில் அந்தப் பூட்டுக்கு முன்னுரிமை மரபேற்பை இயக்கியதும் சரியானது.

முன்னுரிமை மரபேற்பு என்றால், காத்திருப்பவரின் முன்னுரிமையைப் பூட்டு வைத்திருப்பவருக்குத் தற்காலிகமாகத் தருவது. செமஃபோரில் யாருக்குத் தருவது? ஆளே தெரியாது. 2024இல் 6.12 பதிப்பில் ரியல்-டைம் ஆதரவு முதன்மைக் கர்னலில் சேர்ந்துவிட்டது. அங்கே மியூடெக்ஸுக்கு மரபேற்பு கிடைக்கும், செமஃபோருக்குக் கிடைக்காது. ரியல்-டைம் பாதையில் இருக்கும் செமஃபோர்களுக்கு முதலிடம் கொடுத்து மாற்றுங்கள்.

எல்லாம் மாத்தியாச்சு, லாக்டெப்பும் சத்தம் போடலை. ஆனா பொருளை விடுவிக்கிற இடத்துல எப்பவாவது கர்னல் விழுது.

பூட்டு அந்தப் பொருளுக்குள்ளேயே இருக்கிறதா? கடைசியாக விடுபவர் பூட்டை எடுத்து, 'இனி யாருமில்லை' என்று பார்த்து, பூட்டைத் திறந்து, பொருளை விடுவிக்கிறாரா? அப்படியென்றால் சிக்கல் இங்கேதான். செமஃபோரில் டவுன்(), அப்() இரண்டும் ஒரே உள் ஸ்பின்லாக்கைப் பிடித்துத்தான் வேலை செய்கின்றன. முந்தையவரின் அப்() அதை விட்ட பிறகே உங்கள் டவுன்() திரும்பும். அதன்பின் அவர் செமஃபோரைத் தொடுவதில்லை. மியூடெக்ஸில் அந்த உறுதி இல்லை. திறப்பவர் உரிமையாளர் குறிப்பை முதலில் அழித்துவிட்டு, காத்திருப்பவரை எழுப்புவதற்காக மறுபடி மியூடெக்ஸைத் தொடலாம். அந்த இடைவெளியில் நீங்கள் பூட்டி, திறந்து, நினைவகத்தை விடுவித்துவிட்டால், அவர் தொடுவது விடுவிக்கப்பட்ட நினைவகம்.

தீர்வு, பயனர் எண்ணிக்கையைப் பூட்டுக்குள் வைக்காமல் கேரெஃப் (ஒரு பொருளை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணும் கர்னல் வசதி) போன்ற தனிக் கணக்கில் வைப்பது. ஒவ்வொருவரும் மியூடெக்ஸ்_அன்லாக்() முழுதாகத் திரும்பிய பிறகே தன் பங்கை விடட்டும். கடைசிப் பங்கு போகும்போது பொருள் விடுவிக்கப்படும். அப்போது யாரும் திறந்துகொண்டிருக்க வாய்ப்பில்லை. இதை மியூடெக்ஸுக்கு மாற்றும் பேட்சுக்கு முந்தைய பேட்சாக அனுப்புங்கள்.